டைரியில் இருக்கிற பிள்ளை

தறி ஓடிக்கொண்டிருக்கும்வரை அக்ஷயாவுக்குப் பயமில்லை. அத்தனை தறியும் ஒரே மூச்சில் தடதடக்கிற குடோனுக்குள், பக்கத்தில் நிற்கிறவர் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால்தான் பேச்சு கேட்கும். சூலூரைச் சுற்றி இருக்கிற ஊர்களில் வீட்டுக்குள் பேச முடியாததை எல்லாம் பெண்கள் தறிக்குடோனில் வைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். அக்ஷயாவும் தார்க்குழலில் நூல் சுற்றும் மிஷினுக்குப் பின்னால், நூல் மூட்டைகளுக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்து, தறி ஓட்டுகிற ராசம்மாளின் போனை ஒரு காதிலும் உள்ளங்கையை மறு காதிலும் அழுத்திக்கொண்டு, தொண்டை வலிக்கக் கத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் சத்தியமங்கலத்தில் ஓர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவளுடைய அக்கா பூர்ணிமா நிறைமாத வயிற்றோடு படுத்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை காத்தால ஆபரேசன் பாப்பா. பிரஷர் எறங்கவே மாட்டீங்குது. இனிக் காத்திருக்க முடியாதுன்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க."

"மாமா கூட இருக்கறாரா?"

"இருக்கறாரு. அவரு எனக்கு மேல பயந்து கெடக்கறாரு." பூர்ணிமா சிரிக்கப் பார்த்தாள். பிறகு அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆனது. "அம்மா ஒருக்கா வந்தாப் போதும் பாப்பா. பேச வேண்டாம். மொகத்தத் திருப்பிட்டு நின்னாக்கூடச் சரி. ஆபரேசன் ரூமுக்குள்ள போறப்ப அங்க நின்னுட்டு இருந்தாப் போதும். எனக்கு என்னமோ…"

"நான் கூட்டிட்டு வாரேன்க்கா!" என்று அக்ஷயா கத்தினாள். கத்துகிற அந்த நொடியில் கரண்ட் போனது. தறிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாறி நின்றன. நின்ற குடோனுக்குள் அவள் குரல் மட்டும் ஓடியது. "அம்மாவ எப்பிடியாச்சும் ஆபரேசனுக்குக் கூட்டிட்டு வந்தர்றேன்!"

நெய்த துணியை மடித்துக்கொண்டிருந்த அப்பா தம்பிதுரை நிமிர்ந்து பார்த்தார். கை மடிப்பிலேயே நின்றது.  அக்கா என்பது மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத உறவு.

ராசம்மாள்தான் எழுந்து வந்து போனைப் பிடுங்கினாள். "எம்பட மருமவளுக்குத்தானுங்க அண்ணா. கொடல்வாலு ஆபரேசனாமா. அவ அம்மாக்காரி வரமாட்டேன்னு மொரண்டு புடிக்கறா. அம்மணி நல்ல வார்த்த சொல்லீட்டு இருக்குது."

ராசம்மாளுக்கு இருப்பது ஒரே மகன். அவனுக்கு நாலு வருடமாகப் பெண் பார்த்துக்கொண்டிருப்பது அந்தக் குடோனில் பூனைக்கும் தெரியும். தம்பிதுரை கொஞ்ச நேரம் ராசம்மாளைப் பார்த்தார். பிறகு துணியைப் பார்த்தார். "நல்லபடியா ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு மடிப்பைத் தொடர்ந்தார்.

"என்ற பையனுக்குத் தாலி எடுக்கறதுக்கு மிந்தியே மருமவ வயித்தக் கிழிச்சுப்போட்டேன்" என்று ராசம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "எல்லாம் உன்னாலதான் அம்மணி. நாளைக்குப் பொண்ணு ஊட்டுக்காரன் வந்து, மொதல் மருமவ எங்கீன்னு கேக்கப் போறான்."

அன்று பொழுது சாய, வாசலில் கை கால் கழுவிக்கொண்டே அப்பா யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "வெள்ளிக்கிழமை வேனுக்கு லோடு இல்ல. சும்மாதான் நிக்கும்."

அக்ஷயா சொம்பை வாங்கிக்கொண்டு நின்றாள்.

"எனக்கொண்ணுமில்ல கண்ணு" என்றார் அவர், முகத்தைத் துண்டால் மூடித் துடைத்தபடி. "உங்கம்மா வேன்ல ஏறுனாச் செரி."

*

அம்மா ஏறமாட்டாள். அதற்குக் காரணம் கோபம் என்று ஊர் நினைத்தது. அக்ஷயாவுக்குத்தான் தெரியும், காரணம் தன்னுடைய தலை.

பூர்ணிமா வேற்று சாதிப் பையனான சபரீஷுடன் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட மறுவாரம், வெள்ளகோவிலுக்குத் தெற்கே இருக்கிற குலதெய்வக் கோயிலுக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடினார்கள். பெரியப்பாக்கள் கேட்டது ஒரு வார்த்தைதான். எங்களுக்கும் அவளுக்கும் இனிச் சம்பந்தமில்லை என்று சாமி முன்னால் சொல்லிவிட்டால் போதும், நல்லது கெட்டதுக்கு வழக்கம்போல வந்து போவோம் என்றார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு அதைச் சொன்னார். அதோடு முடிந்திருக்கும். அம்மாதான் யாரும் கேட்காமலே பூசாரித் தட்டிலிருந்து சூடத்தை எடுத்துக் கல்லின் மேல் வைத்துக் கொளுத்தினாள். அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அக்ஷயாவைப் பக்கத்தில் இழுத்து, இடது கையை அவள் உச்சந்தலையில் வைத்தாள். வலது கையால் எரிகிற சூடத்தை அடித்து அணைத்தாள். "இனி அவ மொகத்துல முழிச்சன்னா, என்ற இந்தப் புள்ளைக்கு ஆகாமப் போகட்டும்."

பெரியம்மா ஒருத்தி பதறிப்போய், "ஏஞ்சாமி, இருக்கற ஒண்ணையும் எதுக்கு இழுக்கறே?" என்றாள். ஆனால் சூடம் அணைந்துவிட்டது. அணைந்த சூடத்தைத் திரும்பக் கொளுத்த யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து அக்ஷயா தன் தலையைத் தனக்குச் சொந்தமில்லாத ஒரு பொருளைப்போலச் சுமந்துகொண்டு திரிந்தாள். காய்ச்சல் வந்தால் அம்மா அவளைத் தொட்டுப் பார்க்கும் முன் ஒரு கணம் தள்ளி நின்று பார்ப்பாள், மனதுக்குள் எதையோ கணக்குப் பார்ப்பதுபோல. பஸ் திடீரென்று பிரேக் போட்டால் அக்ஷயாவின் கை தானாக உச்சிக்குப் போகும். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று அறிவியல் டீச்சர் சொன்னதை அவள் நம்பினாள். பகலில் நம்பினாள். படுத்த பிறகு, மூடிய கண்ணுக்குள், அம்மாவின் உள்ளங்கையில் ஒட்டியிருந்த கரி தெரியும்.

அவளிடமிருந்து போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு அப்பா வண்டியில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தார். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த இந்தக் கோடையில், ரிசல்ட் வந்த பிறகு காலேஜா கல்யாணமா என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசாததே ஒரு பதிலாக வீட்டில் உட்கார்ந்திருந்தது.

*

பூர்ணிமாவின் துணிமணிகள், போட்டோக்கள், பரிசு வாங்கிய கேடயங்கள் எல்லாம் அந்த வாரமே வீட்டைவிட்டுப் போய்விட்டன. தப்பித்தது ஒன்றே ஒன்று. போன வருடம் பொங்கலுக்கு வெள்ளையடிக்க அட்டாலிப் பரணைக் காலி செய்தபோது, உடைந்த மின்விசிறிக்குப் பின்னாலிருந்து அது விழுந்தது. ஏதோ ஒரு நூல் மில்காரர்கள் புது வருடத்துக்கு அப்பாவுக்குக் கொடுத்த டைரி. 2008. ஒவ்வொரு தாளின் தலையிலும் திதி, நட்சத்திரம், ராகுகாலம். அதற்குக் கீழே பால்பாயிண்ட் பேனாவால், கோட்டைவிட்டு ஏறியும் இறங்கியும், ஒன்பது வயதுப் பூர்ணிமா.

அம்மா அதைத் தூக்கி வெளியே எறிவாள் என்று அக்ஷயா எதிர்பார்த்தாள். அம்மாவோ அட்டாலிக்குக் கீழேயே, சுண்ணாம்புத் தூசிக்கு நடுவில் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை படித்தாள். பிறகு பட்டுச் சேலைகளுக்கு அடியில் பீரோவுக்குள் வைத்தாள்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் பீரோ திறக்கிற சத்தம் கேட்கும். அம்மா கட்டிலில் சாய்ந்துகொண்டு, உதடு அசைய, விரலை வரிக்குக் கீழே ஓட்டிப் படிப்பாள். சிரிப்பாள். சில சமயம் அக்ஷயாவையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவாள்.

'இன்று அம்மா வயிற்றில் காது வைத்துக் கேட்டேன். தறி ஓடுவது மாதிரி சத்தம் வந்தது. தம்பிப் பாப்பா என்றால் என் சைக்கிளைத் தர மாட்டேன். தங்கச்சிப் பாப்பா என்றால் பின்னாடி உட்கார வைப்பேன். இன்று புளிக்குழம்பு. பிடிக்கவில்லை.'

'இன்று பாப்பா பிறந்தாள். எலிக்குஞ்சு மாதிரி இருக்கிறாள். எல்லாரும் உம் என்று இருந்தார்கள். நான் மட்டும் சிரித்தேன். ஓட்டல் இட்லி.'

"என்ன சாப்புட்டான்னு எழுதாமப் படுக்கவே மாட்டா பாரு" என்பாள் அம்மா. கண்ணில் நீர் கோத்திருக்கும். "அறிவு சொட்டும். வாயத் தொறந்தா முத்துதான்."

சித்திமார்கள் வந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுவாள். எல்லாரும் கூடிச் சிரித்து, கூடி மூக்கைச் சிந்துவார்கள். ஒருத்திகூடப் பூர்ணிமா என்ற பெயரைச் சொல்லமாட்டாள். 'இந்தப் புள்ளை' என்பார்கள். ஏதோ சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்ட குழந்தையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள். அதே நேரத்தில் அந்தப் பிள்ளை இருபத்தேழு வயதில், கால் வீங்கி, சத்தியமங்கலத்தில் வாடகை வீட்டின் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கும். அக்ஷயாவுக்கு அந்த டைரியைக் கிழித்துப்போடலாம் போல வரும். பொறாமையாகவும் இருக்கும். தாளில் இருக்கிறவள் அடுப்படியில் பாத்திரம் உடைப்பதில்லை, ஜன்னல் ஓரம் நின்று யாரையும் பார்ப்பதில்லை, பதினேழு வயது ஆவதே இல்லை. அவளை நேசிப்பதில் அம்மாவுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

அந்த நேசத்தைத்தான் அக்ஷயா பிடித்துக்கொண்டாள். வேறு பிடிமானம் இல்லை.

போன மாதம் தோட்டத்து அச்சாரத் தகராறில் பெரியப்பா உரக்கச் சொன்னது அவள் காதில் கிடந்தது. "ரெண்டு வாக்குக் குடுத்திருந்தா மொதல்ல குடுத்த வாக்குதான் நிக்கும். பின்னால குடுத்தது காத்தோட போச்சு." அதை யாரும் மறுக்கவில்லை. அப்படியென்றால் சூடம் அணைப்பதற்கு முன்னால், வெகு முன்னால், அம்மா வேறொரு வாக்குக் கொடுத்திருந்தால்?

டைரியில் ஆவணி மாதத்தில் ஒரு வாரம் வெறுமையாகக் கிடந்தது. அம்மா பிரசவத்துக்குப் போயிருந்த நாட்கள்; பாப்பா பிறந்த அன்று எழுதியது மட்டும் இருந்தது.

*

செவ்வாய்க்கிழமை அம்மா பக்கத்து ஊருக்கு ஓர் எழவுக்குப் போனாள். அக்ஷயா பீரோச் சாவியை எடுத்தாள். பழைய பேனாவின் மங்கல் வருவதற்காக மை தீரப்போகிற ரீஃபில் ஒன்றைத் தேடி எடுத்து, இயற்பியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். பூர்ணிமாவின் 'அ' யானைத் தும்பிக்கைபோலச் சுருண்டு நிற்கும். 'ம்' புள்ளி எப்போதும் எழுத்தைவிட்டுத் தள்ளி விழும். அதெல்லாம் வந்துவிட்டது.  வரியும் சின்னப் பிள்ளையின் எழுத்து மாதிரியே ஏறி இறங்கியது.

'இன்று அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நான் அழுதேன். அம்மா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். நீ பெரிசாகி உனக்குப் பாப்பா பிறக்கும்போது நான் உன் பக்கத்திலேயே இருப்பேன். எங்கே இருந்தாலும் வருவேன். சத்தியம். நானும் சத்தியம் என்றேன். இன்று வெண்டைக்காய்ப் பொரியல். பிடிக்கவில்லை.'

வெண்டைக்காயை எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகு சோற்றுப் பருக்கை ஒன்றை நசுக்கித் தாளின் ஓரங்களில் தடவி, எதிர்த்த தாளோடு சேர்த்து ஒட்டி, மேலே அம்மிக்குழவியை வைத்தாள். காய்ந்ததும் ஒரு மூலையை மட்டும் பிய்த்துவிட்டாள். சாவியைப் பழைய இடத்தில் வைத்தபோது உச்சந்தலை சூடாக இருப்பதுபோலத் தோன்றியது. வெயில் என்று சொல்லிக்கொண்டாள்.

எழவுக்குப் போய்வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரக் கூந்தலை விரித்துப் போட்டபடி அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். பீரோ திறந்தது. அக்ஷயா அரிசியில் கல் பொறுக்குகிற பாவனையில் கதவோரம் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் தாள் பிரிகிற மெல்லிய சத்தம் கேட்டது.

"இதென்ன கண்ணு, தாளு ஒட்டிக்கிட்டிருக்குது?"

"மழைல நனைஞ்சு ஒட்டியிருக்குமுங்கம்மா."

அம்மாவின் விரல் வரிக்குக் கீழே ஓடியது. பாதியில் நின்றது. திரும்ப முதலிலிருந்து ஓடியது. அக்ஷயா முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  'யாரு எழுதுனது இது?' என்ற கேள்விக்கு அவள் தயாராக வைத்திருந்த பதில்கள் எல்லாம் மறந்துபோயின.

"சொன்னேன்" என்றாள் அம்மா.

அக்ஷயா நிமிர்ந்தாள்.

"சொன்னேன் கண்ணு. அன்னிக்குப் பச்சைச் சீலை கட்டியிருந்தேன், கம்பிக்கரை போட்டது. வாசல்ல கார் வந்து நிக்குது. உங்கப்பன் ஹாரன அடிக்கறாரு. இவ முந்தானையப் புடிச்சுட்டு உடவே மாட்டீங்கறா. எனக்கு இடுப்பு வலி ஒரு பக்கம். குனிய முடியல. அப்பிடியே மண்டி போட்டு உக்காந்து…" அம்மா இரண்டு கையையும் காற்றில் வளைத்து, இல்லாத ஒரு சின்ன உடம்பைக் கட்டிக்கொண்டு காட்டினாள். "நான் மறந்தே போய்ட்டேன் பாரு. அவ எழுதி வெச்சிருக்கறா."

நடக்காத ஒன்றுக்கு அம்மா பச்சைச் சேலை உடுத்திவிட்டாள். கார், ஹாரன், மண்டி போட்ட முழங்கால் எல்லாம் சேர்ந்துவிட்டன.  ஒருவேளை உண்மையிலேயே நடந்திருக்குமோ, தான் எழுதியது அதைத்தானோ என்றுகூட அக்ஷயா ஒரு கணம் நினைத்தாள்.

*

புதன்கிழமை காலையில் அம்மா அவளிடம் ஒரு சீட்டுக்கூட இல்லாமல் வாயாலேயே சொல்லி, சூலூர் நாட்டு மருந்துக்கடைக்கு அப்பாவோடு அனுப்பினாள். சுக்கு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, சதகுப்பை. கடைக்காரர் கேட்காமலே புரிந்துகொண்டார். "பிரசவ லேகியத்துக்குங்களா? ஆண்புள்ளையா, பொம்பளப் புள்ளையா?"

அப்பா சில்லறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "இன்னும் ஆகலைங்க" என்றார். அந்த மூன்று வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து அக்ஷயா பார்த்ததில்லை.

மதியம் முழுவதும் அம்மா அடுப்பைவிட்டு நகரவில்லை. வறுத்து, இடித்து, சலித்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, நெய்யும் நல்லெண்ணெயும் மாறி மாறி ஊற்றிக் கிளறினாள். சித்திரை வெயிலில் வீடே அடுப்பாகத் தகித்தது. அக்ஷயா கரண்டியைக் கேட்டபோது தரவில்லை. "பெத்தவ கையால கெளறோணும். அப்பத்தான் ஒடம்புல ஒட்டும்." பெத்தவ என்ற சொல்லை அவள் சொன்னாள். அக்ஷயா அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

வாசம் குடோன்வரை போயிற்று. ராசம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். "ஏன் அம்மணி, ஊட்டுல பச்சை ஒடம்பு வாசம் அடிக்குது? என்ற மருமவளுக்குக் கொடல்வாலுன்னுதான சொன்னேன்?"

"ராசக்கா, போனு."

"எடுத்துக்க, எடுத்துக்க. பேரப்புள்ளைக்கு எம்பேரு வெச்சுப்போடுங்க, செரியாப் போச்சு."

நூல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அக்ஷயா சொன்னாள். "அக்கா, அம்மா வாராங்க. லேகியம் கெளறீட்டு இருக்கறாங்க."

  பூர்ணிமாவின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "நெசமாவா பாப்பா? ஏமாத்தலையே?"

"நெசம்."

"அம்மா கெளறுனாக் காரம் பத்தாதுன்னு சொல்லு. எனக்கு நல்லாக் காரமா வேணும்."

வியாழக்கிழமை அப்பா வேனைக் கழுவினார். நூல் தூசி அப்பியிருந்த சீட்டுக்குப் பழைய பெட்ஷீட்டை விரித்தார். கருமத்தம்பட்டி, அன்னூர், புளியம்பட்டி வழியே போனால் வெயிலுக்கு முன்னால் சத்தி சேர்ந்துவிடலாம் என்று, கேட்காத ராசம்மாளிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

*

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே அம்மா குளித்துவிட்டாள். சேலை உடுத்தி, தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டாள். லேகியத்தை எவர்சில்வர் டப்பாவில் அழுத்தி, மேலே நெய் ஊற்றி மூடினாள். அதைக் கட்டிலில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பீரோவைத் திறந்து டைரியை எடுத்து மடியில் வைத்து உட்கார்ந்தாள். டைரியையும் எடுத்துப் போகிறாள், அக்காவிடம் காட்டப்போகிறாள் என்று அக்ஷயா நினைத்தாள். அக்கா ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். பரவாயில்லை. கண்டுபிடித்தாலும் சொல்லமாட்டாள்.

வெளியே அப்பா வேனைக் கிளப்பி வைத்திருந்தார். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை.

"அம்மா, நேரமாச்சுங்க."

"எதுக்குக் கண்ணு?"

"சத்திக்குங்கம்மா."

அம்மா அவளை நிதானமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அக்ஷயா அதற்கு ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். "சத்தில எனக்கு ஆரு இருக்கறா?"

"அக்கா…" என்றாள் அக்ஷயா. மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அந்தச் சொல்லை அவள்தான் முதலில் சொன்னாள். "வாக்குக் குடுத்தீங்கல்லங்கம்மா. நீங்களே சொன்னீங்களே. பச்சைச் சீலை…"

"குடுத்தேன்." அம்மா டைரியைத் தட்டிக்கொடுத்தாள், தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தட்டுவதுபோல. "இவளுக்குக் குடுத்தேன். இவ எங்கிட்டத்தான இருக்கறா. எங்கியும் போகலையே."

"அப்ப லேகியம் எதுக்குக் கெளறுனீங்க?"

"குடுத்த வாக்கல்லோ. கையச் சும்மா வெச்சுட்டு உக்காந்திருக்க முடியல." அம்மாவின் குரல் முதல்முறையாகக் கம்மியது. "ராத்திரி பூரா நெனச்சேன். போலாம் போலாம்னுதான் சீலையக்கூடக் கட்டுனேன். உன்ற தலையத் தொட்டல்லோ சூடம் அணைச்சேன்."

"எனக்கு ஒண்ணும் ஆகாதுங்கம்மா. மொதல்ல குடுத்த வாக்குதான் நிக்கும். பெரியப்பாவே சொன்னாங்க."

"தோட்டத்துக்கு நிக்கும். சாமிக்கு?" அம்மா அவள் உச்சந்தலையைப் பார்த்தாள். "ஒருத்தியத் தொலைச்சுப்போட்டேன். இன்னொருத்திய வெச்சுப் பந்தயம் கட்டச் சொல்றியா? ஆகாமப் போச்சுன்னா நீ பாட்டுக்குப் போயிருவே. நான் எதையெடுத்து மடியில வெச்சுட்டு உக்கார்றது? நீ சின்னதுல ஒரு வரிகூட எழுதி வெக்கலையே கண்ணு."

அக்ஷயாவுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவள் இத்தனை நாளாக இடித்துத் தள்ளப் பார்த்த சுவர் அவளே. அவள் உயிரோடு இருக்கிறவரை அம்மா அந்த வேனில் ஏறப்போவதில்லை. அவள் எழுதிக்கொடுத்த பொய்யையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, அம்மா அந்தக் கட்டிலிலேயே இருந்துவிடுவாள். இந்நேரம் சத்தியில் அக்காவுக்குப் பச்சைக் கவுன் மாட்டிவிட்டிருப்பார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, வார்டு கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வெளியே இன்ஜின் நின்றது. அப்பா உள்ளே வரவில்லை. செருப்புச் சத்தம் வாசல்வரை வந்து, சற்று நின்று, குடோன் பக்கம் திரும்பிப் போயிற்று.

அம்மா டைரியை விரித்து அவளிடம் நீட்டினாள். "அந்தப் பக்கத்தக் கொஞ்சம் சத்தமாப் படி கண்ணு. கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல."

அக்ஷயா வாங்கினாள். தும்பிக்கைபோலச் சுருண்ட தன்னுடைய 'அ' அவளைப் பார்த்தது. படித்தாள். 'எங்கே இருந்தாலும் வருவேன்' என்ற இடத்தில் குரல் உடைந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெண்டைக்காய் வந்தபோது சிரித்தாள். "பிடிக்காது, பிடிக்காது அவளுக்கு" என்றாள்.

இனி ஒவ்வொரு மதியமும் இது நடக்கும். சித்திமார்கள் வருவார்கள். இந்தப் பக்கத்தைக் கேட்டு மூக்கைச் சிந்துவார்கள். அக்ஷயா டைரியை மூடினாள்.  சொல்லிவிடலாம். அடித்தாலும் பரவாயில்லை.

"அம்மா, அந்தப் பக்கத்த…"

"வாயத் தொற" என்றாள் அம்மா. எவர்சில்வர் டப்பா திறந்திருந்தது. அவள் விரல்களுக்கு நடுவே நெல்லிக்காய் அளவு உருண்டை, நெய்யில் கறுத்து மின்னியது.

"அம்மா, நான்தான்…"

திறந்த வாய்க்குள் உருண்டை போய்விட்டது. சுக்கும் திப்பிலியும் நாக்கில் பிடித்து, மேலண்ணத்தில் ஏறி, மூக்குக்குள் எரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. காரம் போதுமாகத்தான் இருந்தது.

"துப்பாதே. நல்லது கண்ணு. வீணாப் போயிரக் கூடாது, முழுங்கு." அம்மா முந்தானையால் அவள் உதட்டோரத்து நெய்யைத் துடைத்துவிட்டாள். வேர்த்திருந்த நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கி, காதோரம் செருகி, பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்வதுபோல, குளிர் காற்று பட்டுவிடாமல் ஜன்னல் கதவைச் சாத்தினாள். பிறகு கட்டிலில் அவளைச் சாய்த்துப் படுக்க வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த உருண்டையை உருட்ட ஆரம்பித்தாள்.